இரட்டைக் கொம்பு

அந்தப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தைத் திறந்தாலே இனாயத்துக்கு வயிற்றைப் புரட்டியது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை எழுதியவர் அவர்தான். எழுதி முடித்து, தமக்குத் தாமே இரண்டு தரம் உரக்கப் படித்து மகிழ்ந்தும் இருந்தார். அதை நினைக்கும்போதுதான் குமட்டல் அதிகமாயிற்று.

அய்யாதுரை அண்ட் சன்ஸ் தோல் கம்பெனிக்கு 1946 தை மாதத்தோடு எழுபத்தைந்து வயது நிறைந்தது. ஸ்தாபகர் அய்யாதுரை, நெல்லைச் சீமையிலிருந்து துணி மூட்டையோடு வடக்கே வந்தவர். பாலாற்றங்கரையில் வடகரைப்பேட்டை என்னும் ஊரில் மூட்டையை இறக்கியவர், துணியை விட்டுத் தோலைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பேரன் வைரவன்தான் இப்போது முதலாளி. சண்டைக் காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் கொடுத்ததில் தியாகராய நகரில் மூன்று கட்டு மாடி வீடு எழும்பியிருந்தது. வீடு எழும்பினால் அடுத்து வம்ச சரித்திரம் எழும்ப வேண்டியதுதானே?

"நம்ம கம்பெனிக் கதை மட்டும் போதாது வே. ஊர்க் கதையும் வரணும்," என்றார் வைரவன். "வடகரைப்பேட்டை எப்படித் தொழில் ஊரா ஆச்சு, ஆறு என்ன செஞ்சுது, ரயில் என்ன செஞ்சுது, எல்லாம் வரணும். படிக்கிறவன் அசந்து போகணும், ஆமா."

அந்த வேலை இனாயத் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வருஷமாகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தா அவர்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் எண், தேதி, நகல், பதில் வந்ததற்கு ஒரு சிவப்புக் கோடு என்று வைத்திருப்பார். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்துவிட்டால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். போதாக்குறைக்கு வடகரைப்பேட்டையிலேயே பிறந்து, அங்கே போர்டு பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். புத்தகம் நன்றாக வந்தால் சிந்தாதிரிப்பேட்டையில் அவர் குடியிருக்கும் கம்பெனி வீடு அவர் ஆயுசு மட்டும் அவருக்கே என்று வைரவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மூச்சிரைப்பு உள்ள மனைவியை வைத்துக்கொண்டு வேறு வீடு தேடும் திராணி இனாயத்துக்கு இல்லை.

எழுதினார். பாலாற்று மணலைத் தோண்டினால் கோடையிலும் கிடைக்கும் தெளிந்த தண்ணீர், சுற்றுக் காடுகளின் ஆவாரம்பட்டை, மலிவான சுண்ணாம்பு, இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்ததால்தான் அந்த ஊரில் தோல் பதனிடும் தொழில் ஊன்றியது என்று எழுதினார். ரயில் வந்த பிறகு மாட்டு வண்டியில் ஒன்பது நாள் வந்த தோல் ஒரே நாளில் சென்னைப் பட்டணம் சேர்ந்ததை எழுதினார். ஐம்பது வீடு இருந்த பேட்டை முப்பது வருஷத்தில் ஆயிரம் வீடானதை எழுதினார்.

அந்த ஊரில் பிறந்தவருக்குத் தெரிந்த மற்ற விஷயங்களை எழுதவில்லை. சுண்ணாம்புக் குழியிலிருந்து வழித்தெடுத்த மயிரும் கொழுப்பும் வாய்க்காலில் கட்டி கட்டியாய் மிதந்து போகும். பள்ளிக்கூடத்தில் காற்று திரும்பினால் வாத்தியார் உட்பட எல்லாரும் மேல்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். விருந்தாளி வந்தால் முதலில் கேட்பது, "இந்த நாற்றத்தில் சோற்றை எப்படித்தான் தின்கிறீர்கள்?" ஜூபிலி மலரில் இதற்கெல்லாம் இடம் ஏது?

ஆதாரத்துக்கு வைரவன் ஒரு தகரப் பெட்டி கொடுத்திருந்தார். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய கடிதங்கள். வடகரைப்பேட்டையில் இருந்த ஏஜெண்டு, அதற்குள் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த அய்யாதுரைக்கு எழுதியவை. அந்தக் காலத்துக் கையெழுத்து. புள்ளி வைக்கிற வழக்கமே கிடையாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற பேதமும் கிடையாது. குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்புதான், இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். இனாயத் படித்துக்கொண்டார். தாது வருஷப் பஞ்சத்தில், மாசி மாதம் எழுதிய ஒரு கடிதத்தில் இந்த வரி இருந்தது:

‘தொடடி பதினொனறு பொசசுது. வெலை நிறகாமல வெறு பாரககிறென.’

தொட்டி பதினொன்று போச்சுது. வேலை நிற்காமல் வேறு பார்க்கிறேன். தோல் ஊற வைக்கும் தொட்டிகள்தான், வேறென்ன? பஞ்சத்தில் ஆறு வறண்டு வெயிலில் வெடித்திருக்கும். இனாயத்தின் பேனா குதிரையாய்க் கிளம்பியது. ‘பாலாறு வறண்ட அக்கொடிய நாளில் பதினொரு தொட்டிகள் வெடித்து அழிந்தன. பதினொன்று போனால் போகட்டும், இருபத்திரண்டு வரும் என்று ஸ்தாபகர் நெஞ்சை நிமிர்த்தினார்.’ நெஞ்சை நிமிர்த்தியதற்குப் பெட்டியில் ஆதாரம் இல்லை. ஆனால் வாக்கியம் அங்கே அதைக் கேட்டது.

வைரவன் அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க தாத்தா பேசுறாப்பலயே இருக்கு பாய்!" என்றார். அதன் பிறகு வந்தவர் போனவர் எல்லாருக்கும் பதினொரு தொட்டிக் கதைதான்.

காகிதக் கட்டுப்பாட்டில் அலைந்து பெர்மிட் வாங்கி, ஐந்நூறு பிரதி அச்சாகி அடுக்கியும் ஆயிற்று. விழாவுக்கு இன்னும் ஆறு நாள். பெட்டியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று இனாயத் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினார். அப்போதுதான் பெட்டியின் அடியில், துருவோடு ஒட்டிக் கிடந்த ஒரு தாள் பெயர்ந்து வந்தது. அதே கை. அதே மாசி, பத்து நாள் கழித்து.

‘முன் எழுதின தொட்டி பதினொன்றில் ஒன்பதுக்குப் பெண்டு பிள்ளை உண்டு’ என்று, புள்ளி சேர்த்துப் படித்தால், ஆரம்பித்தது.

இனாயத் சிரித்துவிட்டார். தொட்டிக்குப் பெண்டாட்டியா! ஏஜெண்டு கள்ளு மயக்கத்தில் எழுதினானா?

அடுத்த வரி: ‘அதுகள் கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.’

அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். தொட்டி இல்லை. தோட்டி. ஊரில் செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போய் உரிக்கிறவர்கள். பஞ்சத்தில் மாடுகள் கொத்துக் கொத்தாய்ச் செத்ததும், அந்த வருஷம் தோல் ஏற்றுமதி இரட்டித்ததும் அவருடைய புத்தகத்திலேயே பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உரித்த கைகள் யாருடையவை என்று அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மிச்சத்தையும் படித்தார். ‘மாடுகளுக்கு அடைப்பான் நோய் என்று ஊரில் பேச்சு ஆகிறது. அடைப்பான் கண்ட மாட்டுத் தோல் என்று தெரிந்தால் கப்பலில் ஏற்றமாட்டான். ஆகையால் இதுகள் செத்தது வாந்திபேதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். உரித்த கையில் கறுப்புக் கொப்புளம் கண்டால் மூன்று நாள் தாங்குகிறது.’ தாளின் அடியில் வேறு மசியில் அய்யாதுரையின் கை: ‘தோல் நிற்க வேண்டாம். வேறு தோட்டி பார்க்கவும்.’

அவரை ஏமாற்றியது கொம்பு மட்டும் அல்ல என்று இனாயத்துக்கு விளங்கியது. பதினொரு பேர் போனார்கள் என்று அந்த ஏஜெண்டு எழுதியிருந்தால் எந்தக் குருடனும் மனிதர் என்று கண்டுகொண்டிருப்பான். அவன் எழுதியது ‘போச்சுது’. அவனுக்கு அவர்கள் அஃறிணை. அந்த அஃறிணையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் தொட்டி கட்டி, அதை வெயிலில் வெடிக்க வைத்து, அதன் மேல் ஒரு கிழவனை நெஞ்சை நிமிர்த்தி நிற்க வைத்திருந்தார். ‘பதினொன்று போனால் போகட்டும், இருபத்திரண்டு வரும்.’ எழுந்து போய்க் கொல்லையில் வாந்தி எடுத்தார்.

மனைவி அஃப்சருன்னிசா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். மூச்சு வாங்க, "எதை வெளியில தின்னீங்க?" என்றாள்.

"ஒண்ணும் திங்கல. ஒண்ணு எழுதினேன்," என்று சொல்லி முழுவதையும் சொன்னார். வீட்டையும் ஞாபகப்படுத்தினார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு செம்பைக் கீழே வைத்தாள். "ஊர்ல இல்லாத நியாயமெல்லாம் எனக்குத் தெரியாது. தப்பு எழுதினது யாரு? நீங்க. மிளகாய் லிஸ்ட்டுல ஒரு எழுத்து தப்புன்னாலே தாளக் கிழிப்பீங்க. இதுக்கு மட்டும் கை வலிக்குதா?"

"வீடு போயிடும் அஃப்சர்."

"அந்தப் பக்கத்த வச்சிக்கிட்டு இந்த வீட்டுல எப்படிச் சோறு திம்பீங்க? இப்பவே நிக்கலியே உள்ள."

மறுநாள் காலை இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனார். அங்கே வேறொரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. வைரவன் கூடத்தில் புத்தகமும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுந்தரவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வாரும் பாய், வாரும். எங்கப்பாவுக்குச் சர்க்கார் குடுத்த பட்டம் என்ன?"

"ராவ் பகதூர், மொதலாளி."

"இதைப் படியும்."

மூன்றாம் பக்கம். ‘ரவா பகதூர் சுவாமிநாதன் அவர்கள்.’ அச்சுக் கோத்தவன் கையில் கால் ஓரெழுத்து தள்ளி விழுந்திருந்தது.

"முப்பத்தொண்ணாம் பக்கத்துலயும் அப்படியே கெடக்கு! ஜட்ஜு தலைமை தாங்க வாராரு. அவரும் ராவ் பகதூரு. என்ன நெனைப்பாரு?"

"மாமாவ உப்புமா கிண்டிட்டாங்க," என்றாள் சுந்தரவல்லி. அதற்கு மேல் அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

"மறுபடி அடிக்கக் காகிதம் கெடையாது. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு, எல்லாப் புஸ்தகத்துலயும் முன்பக்கம் ஒட்டிரும். இன்னிக்கே."

"ஆகட்டும். இன்னொரு பிழையும் இருக்குதுங்க," என்று இனாயத் கடிதங்களை எடுத்தார். அந்தப் பழைய கையெழுத்து வைரவனுக்குப் படிக்க வராது. இனாயத்தே படித்துச் சொன்னார். பெண்டு பிள்ளையையும் கறுப்புக் கொப்புளத்தையும் தாத்தாவின் உத்தரவையும் விடாமல் படித்தார்.

வைரவன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். "சரி. அதுக்கு என்னங்கீரு?"

"தொட்டி இல்லீங்க. தோட்டி. மனுஷங்க."

"எழுத்துல எவ்வளவு வித்தியாசம்?"

"ஒரு கொம்பு."

வைரவன் பெரிதாகச் சிரித்தார். "மாட்டுத்தோல் யாவாரத்துல கொம்ப எவன் வே எண்ணுதான்? தோல எண்ணும்." தம்முடைய நகைச்சுவை தமக்கே பிடித்துப்போய்த் தொடையைத் தட்டிக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். "தொட்டி தொட்டியாவே இருக்கட்டும். நல்லா எழுதியிருக்கீரு, கெடுக்காதேயும். அந்த வீட்டு விஷயம் என் ஞாபகத்துல இருக்கு. ரவாவ மட்டும் திருத்தும்."

பேசிய வாயில் வெற்றிலையும் சுண்ணாம்பும் அரைபட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சுண்ணாம்பு வாடைக்கு இனாயத்துக்கு வடகரைப்பேட்டை வாய்க்கால் மூக்கில் ஏறியது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

அச்சாபீஸ் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. இனாயத் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சீட்டை எழுதினார். பிழைதிருத்தத்தைப் பக்க வரிசையில் போடுவதுதான் முறை. முறைப்படியே போட்டார்.

‘பக்கம் 3: ரவா பகதூர் என்பதை ராவ் பகதூர் என்று திருத்திக்கொள்க.

பக்கம் 14: பதினொரு தொட்டிகள் வெடித்து அழிந்தன என்பதை, அடைப்பான் நோயில் செத்த மாடுகளை நம் கம்பெனிக்காக உரித்த தோட்டிகள் பதினொரு பேர் அந்நோய் கண்டு இறந்தார்கள் என்று திருத்திக்கொள்க. அடுத்து வரும் ஸ்தாபகர் வாக்கு எழுதியவரின் கற்பனை. நீக்கிப் படிக்கவும்.

பக்கம் 31: ரவா பகதூர் என்பதை ராவ் பகதூர் என்று திருத்திக்கொள்க.’

அச்சுக் கோக்கும் வேலு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். முதல் வரியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். நடு வரியில் முகம் மாறியது.

"இன்னா பாய் இது? ரவா என் தப்பு, ஒத்துக்கிறேன். நடுவுல இன்னாமோ பெரிய சமாசாரமா கீதே?"

"அது என் தப்பு."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியும். படிச்சுக் காட்டிட்டேன்."

"போடச் சொன்னாரா?"

இனாயத் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். வேலு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று, எழுத்துக் கோக்கும் குச்சியைக் கையில் எடுத்தான். "போ பாய், நீ ஒண்ணும் சொல்ல வாணாம், நான் ஒண்ணும் கேக்கல. ஆபீஸ் காப்பி கொடுத்துச்சு, நான் கோத்துக்கினு போறேன்." இரண்டு எழுத்துக் கோத்துவிட்டுத் திரும்பினான். "‘இறந்தார்கள்’னே போட்டுடவா? எடம் இடிக்குது. ‘இறந்தது’ன்னா கச்சிதமா ஒக்காரும்."

"வேற எதை வேணா சுருக்கு. அதைச் சுருக்காதே."

தை கடைசி ஞாயிறு. தியாகராய நகர் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். சாயங்காலம் நாலு மணிக்கு இனாயத் போனபோது நுழைவாயிலில் புதுப் பித்தளையில் சின்னச் சின்னத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தார். பதினொன்று. ஒவ்வொன்றிலும் பன்னீர், மேலே ரோஜா இதழ். வருகிறவர்கள் விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமாம். முதலாளியின் சொந்த யோசனை. இனாயத்துக்குப் பன்னீர் வாடை பிணத்துக்குத் தெளித்த வாடையாகப் பட்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"பாய்!"

வைரவன் புத்தகக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரதியைச் சீட்டுப் பக்கத்தில் விரித்துப் பிடித்தபடி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "என்ன காரியம் வே பண்ணி வச்சிருக்கீரு? நான் ஒண்ணத் திருத்தச் சொன்னா நீரு எங்க தாத்தாவையே திருத்துதீரோ?"

"பிழைய மட்டுந்தாங்க திருத்தியிருக்கேன்."

"கத்தரியக் கொண்டாங்கலே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கத்தரி வந்தது. சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். மேலே ஒரு ராவ் பகதூர், கீழே ஒரு ராவ் பகதூர், நடுவில் பதினொரு பேர். பசை வழியப் பக்கத்தோடு ஒட்டியிருந்தது. நடுவை வெட்டினால் தாளோடு அதன் மறுபுறம் அச்சாகியிருந்த அப்பா படமும் ஓட்டையாகும். முழுதும் கிழித்தால் அப்பா ரவாவாகவே இருப்பார். தெருமுனையில் ஜட்ஜின் கார் ஹாரன் கேட்டது.

இனாயத் வேலை போவதற்கு ஆயத்தமாக நின்றார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வைரவன் கத்தரியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் வடிந்து, சாவகாசம் வந்துவிட்டது.

"கெடக்கட்டும்," என்றார். "ரவான்னாத்தான் ஊரு சிரிக்கும். இதை எவன் படிக்கப் போறான்? படிச்சாத்தான் என்ன, தோட்டிதானே. அப்பா பேரு நேரானாச் சரி." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு அந்த ரெண்டு லெட்டரையும் கொண்டாந்து குடுத்திரும். வீட்டுல இரும், வேலையில இரும், நான் ஒண்ணும் மனசுல வைக்கல. போய் வாசல்ல நின்னு வாரவங்களுக்குப் புஸ்தகம் குடும்."

ஜட்ஜை வரவேற்க ஓடினார்.

இனாயத்துக்கு அடி விழுந்திருந்தால் தேவலை போல் இருந்தது. அந்தப் பதினொரு பேரை மறைப்பதற்குக் கூட இந்த மனிதன் மெனக்கெடவில்லை. பட்டத்துக்கு நடுவில் ஒட்டிய அழுக்காக அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போகிறான். சீட்டு ஐந்நூறு பிரதியிலும் ஒட்டியிருக்கிறது. ஐந்நூறையும் ஐந்நூறு பேர் அலமாரியில் போட்டுப் பூட்டுவார்கள். நாளை காலை அவர் இரண்டு கடிதத்தையும் கொடுத்துவிட்டு, பழைய நாற்காலியில் உட்கார்ந்து, தேதி போட்டு, எண் போட்டு, ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஆரம்பிக்க வேண்டும்.

வாசலுக்குப் போனார். கைக்குட்டையைப் பையில் போட்டார். கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

முதலில் வந்தது மயிலாப்பூர்த் தம்பதி ஒன்று. அந்த அம்மாள் பித்தளைத் தொட்டியில் விரலை நனைத்துக்கொண்டே, "பதினோரு தொட்டின்னு சொன்னாளே, அது இதுதானா?" என்று சிரித்தாள்.

"இல்லீங்கம்மா, அது பிழை," என்றார் இனாயத். கடிதம் படித்துக் காட்டும் அதே நிதானமான குரல், கொஞ்சம் உரக்க. "புத்தகத்தைத் திருத்திக்கொண்டு படிக்க வேணும். பக்கம் பதினாலு. அடைப்பான் நோயில் செத்த மாடுகளை நம் கம்பெனிக்காக உரித்த தோட்டிகள் பதினொரு பேர் அந்நோய் கண்டு இறந்தார்கள்."

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். ஈர விரலைப் புடவையில் துடைக்கவும் மனமில்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "என்ன சார் அங்க? இன்னா சொல்றாரு?" என்று யாரோ கேட்டார்கள். பந்தலுக்குள் ஜட்ஜுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த வைரவன் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். இனாயத்தும் அவரைப் பார்த்தார். பார்த்தபடியே அடுத்த பிரதியை எடுத்து, சீட்டுப் பக்கத்தைத் திறந்து, அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பக்கம் பதினாலு," என்று மறுபடி ஆரம்பித்தார்.